மின்னோட்டத்துக்குத் திசை இருக்கிறதே, அப்புறம் ஏன் அது வெக்டர் இல்லை?

தேன்சிட்டு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எண்மதிப்பு மட்டும் இருந்தால் ஸ்கேலர், எண்மதிப்போடு திசையும் சேர்ந்தால் வெக்டர் என்று படித்திருக்கிறோம். நிறை, வெப்பநிலை, ஆற்றல் எல்லாம் ஸ்கேலர். விசை, திசைவேகம், உந்தம் எல்லாம் வெக்டர். இதுவரைக்கும் சிக்கல் இல்லை.

மின்னோட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சுற்று வரையும்போதெல்லாம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு அம்புக்குறி போடுகிறோம். அதைத் திருப்பிப் போட்டால் மதிப்பெண் போய்விடும். எவ்வளவு என்பதை ஆம்பியரில் சொல்கிறோம். ஆக எண்மதிப்பும் இருக்கிறது, திசையும் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஸ்கேலர் பக்கம் இருக்கிறது! வகுப்பில் கேட்டதற்கு "அது விதிவிலக்கு, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்தது. இதற்கு நிஜமான காரணம் தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?

ஓம்விதி:

விதிவிலக்கெல்லாம் இல்லை தங்கச்சி. காரணம் இருக்கிறது, அதுவும் தெளிவான காரணம்.

ஒரு சந்தியை எடுத்துக்கொள். இரண்டு கம்பிகள் வழியாக மின்னோட்டம் உள்ளே வருகிறது, ஒன்றில் 3 ஆம்பியர், மற்றதில் 4 ஆம்பியர். மூன்றாவது கம்பி வழியாக வெளியே போகிறது. வெளியே போவது எவ்வளவு? 7 ஆம்பியர். உள்ளே வரும் கம்பிகளுக்கு நடுவில் 90 டிகிரி கோணம் இருந்தாலும் 7, 30 டிகிரி இருந்தாலும் 7, எதிரெதிராக வந்து முட்டினாலும் 7. மின்னோட்டம் வெக்டராக இருந்தால் 90 டிகிரியில் 5 ஆம்பியர்தான் வந்திருக்க வேண்டும், எதிரெதிராக வந்தால் 1 ஆம்பியர். அப்படியென்றால் மிச்ச மின்னூட்டம் எங்கே போயிற்று? சந்தியில் அது தேங்கி நிற்காது, காணாமலும் போகாது. கிர்க்காஃப் 1845-இல், கோனிக்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோதே சொன்ன சந்தி விதி இதுதான். அந்த விதியில் கோணத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனி.

உன் வீட்டு மெயின் போர்டில் இதற்குச் சாட்சி இருக்கலாம். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், ஆர்சிசிபி என்று ஒன்று மாட்டியிருப்பார்கள், பலர் வாயில் அது இன்னும் இஎல்சிபிதான். அதற்குள் வளையமான ஒரு காந்த உள்ளகம் உண்டு. பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அந்த வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம், உள்ளகத்தில் காந்தப்பாயம் எழாது. எங்காவது கசிந்து தரைக்குப் போனால் இரண்டும் சமமாக இருக்காது. அந்த வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் (வீட்டில் வழக்கமாகப் போடுவது இந்த அளவுதான்) சுவிட்ச் விழுந்துவிடும். உள்ளே கம்பி எப்படி வளைந்து நெளிந்து போனாலும் கணக்கு மாறாது. "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்பது மட்டும்தான் வேண்டும். அதற்கு ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி போதும்.

நேர்கோடு:

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையை ஏன் குழப்புகிறீர்கள்? மின்னோட்டம், அழுத்தம், காலம், மின்னழுத்தம் எல்லாம் ஸ்கேலர். பட்டியலை நெட்டுரு போட்டால் நாலு மதிப்பெண் வந்துவிடும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் அளவே கிடைக்கும் தேர்வில் கிர்க்காஃபின் வரலாறு எதற்கு?

கரும்பலகை:

நேர்கோடு அவர்களே, நேர நெருக்கடி எனக்கும் தெரியும். வகுப்பில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை பட்டியலில் இல்லாத ஓர் அளவைக் கண்டால் என்ன செய்யும்? பரப்பு வெக்டரா, ஸ்கேலரா? திருப்பு விசைக்கும் வேலைக்கும் ஒரே அலகுதான், நியூட்டன் மீட்டர். அதில் ஒன்று வெக்டர், ஒன்று ஸ்கேலர். ஏன்? இதற்கெல்லாம் பட்டியல் கைகொடுக்காது. விதி ஒன்று தெரிந்தால் பட்டியலே வேண்டாம்.

தேன்சிட்டு, ரொம்பச் சரியான கேள்வி அம்மா. "எண்மதிப்பும் திசையும்" என்ற வரையறையில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. முழு வரையறை இது: எண்மதிப்பும் திசையும் இருக்க வேண்டும், அதோடு இணைகர விதிப்படி கூட வேண்டும் (இரண்டு அம்புகளை அடுத்தடுத்த பக்கங்களாக வைத்து இணைகரம் வரைந்தால் அதன் மூலைவிட்டம்தான் கூட்டுத்தொகை). இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர். அதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பதால்தான் மின்னோட்டம் விதிவிலக்கு மாதிரித் தெரிகிறது. இணைகர விதியை வெக்டர்களைக் கூட்டும் முறை என்று மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறோம். அது வெறும் கூட்டும் முறை இல்லை, வெக்டராக இருப்பதற்கான தகுதியே அதுதான்.

இந்த விதி யாரோ உட்கார்ந்து கற்பனை செய்தது இல்லை. விசைகள் அப்படித்தான் கூடுகின்றன என்பதைப் பார்த்து எழுதியது. சைமன் ஸ்டீவின் 1586-லேயே விசைகளின் முக்கோணத்தைப் பயன்படுத்தினார். நியூட்டன் 1687-இல் பிரின்சிபியா நூலில் மூன்று இயக்க விதிகளையும் சொல்லி முடித்ததும் முதல் கிளைத்தேற்றமாக இணைகர விதியைத்தான் வைத்தார்.

ஆய்வகத்தில் இணைகர விதிச் சோதனை செய்யும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதே. செங்குத்தாக நிற்கும் பலகை, மேலே இரண்டு மூலையிலும் கப்பி. ஒரு நூலின் இரு முனைகளிலும் எடைகள், நடுவில் முடிச்சுப் போட்டு மூன்றாவது எடை. ஒரு பக்கம் 300 கிராம், மறுபக்கம் 400 கிராம், நடுவில் 500 கிராம் போட்டுப் பார். முடிச்சு தானாக ஓர் இடத்தில் போய் நிற்கும். நூலுக்குப் பின்னால் காகிதத்தின் மேல் ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, நூலும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி கண்ணை வைத்துப் புள்ளி போட வேண்டும். இல்லாவிட்டால் இடமாறு தோற்றப்பிழை வந்துவிடும். புள்ளிகளைச் சேர்த்துக் கோணத்தை அளந்தால் 300-க்கும் 400-க்கும் நடுவில் கிட்டத்தட்ட 90 டிகிரி. கப்பியின் உராய்வால் ஒன்றிரண்டு டிகிரி தள்ளியிருக்கும், அது போகட்டும். 300-ம் 400-ம் மேல்நோக்கி இழுக்கின்றன, ஆனால் தாங்குவது 700 இல்லை, 500. நடுவிலும் பக்கங்களிலும் ஒரே எடை போட்டால் நூல்கள் 120 டிகிரியில் விரிந்து நிற்கும். எடைகள் மாறாமல் கோணம் மட்டும் மாறினால் தொகுபயனும் மாறும். ஓம்விதி சொன்ன சந்தியில் கோணம் எதையும் மாற்றவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தேன்சிட்டு:

சார், ரொம்ப நன்றி. அண்ணாவுக்கும் நன்றி. இப்போது புரிகிறது. ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. காந்தப்புலத்தில் வைத்த கம்பியின் மேல் செயல்படும் விசைக்குச் சூத்திரம் எழுதும்போது மின்னோட்டத்தின் திசையை வைத்துத்தானே இடக்கை விதி போடுகிறோம்? அங்கே திசை தேவைப்படுகிறதே?

ஓம்விதி:

அந்தச் சூத்திரத்தில் வெக்டர் குறி எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று பார். மின்னோட்டத்தின் மேல் இருக்காது, கம்பியின் நீளத்தின் மேல் இருக்கும். மின்னோட்டம் ஒரு எண். திசையைச் சுமப்பது நீளக்கூறு. கம்பி வளையும் இடத்தில் நீளக்கூறின் திசை மாறுகிறது, மின்னோட்டம் மாறுவதில்லை.

நீ தேடுகிற நிஜமான வெக்டர் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் மின்னோட்ட அடர்த்தி. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 6 ஆம்பியர் போனால் அடர்த்தி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4 ஆம்பியர். கம்பிக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு ஒரு திசை உண்டு, ஒவ்வொரு வளைவிலும் அந்தத் திசை திரும்பும். அதே புள்ளியில் இன்னொரு மின்னோட்ட அடர்த்தி சேர்ந்தால் இணைகர விதிப்படிதான் கூடும். இந்த வெக்டரையும் குறுக்குவெட்டுப் பரப்பின் வெக்டரையும் ஸ்கேலர் பெருக்கல் செய்தால் கிடைப்பதுதான் 6 ஆம்பியர். பெருக்கி முடித்ததும் திசை கரைந்துபோய், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற குறி மட்டும் மிஞ்சுகிறது.

திருகுவிசை:

நான் எலக்ட்ரீஷியன், ஐடிஐ முடித்தவன். மேலே சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். ஏசி சப்ளையில் ஒரு மின்தடையையும் ஒரு கெபாசிட்டரையும் பக்க இணைப்பில் போடுங்கள். மின்தடையில் 3 ஆம்பியர், கெபாசிட்டரில் 4 ஆம்பியர் வருகிற மாதிரி வைத்தால் மெயின் லைனில் கிளாம்ப் மீட்டர் 7 காட்டாது, 5 காட்டும். நானே பார்த்திருக்கிறேன். 3, 4, 5 என்றால் இணைகர விதிதானே? மின்னோட்டம் வெக்டராகக் கூடுகிறதே, கிர்க்காஃப் விதி எங்கே போயிற்று?

தேன்சிட்டு:

ஐயோ, மறுபடியும் முதலிலிருந்தா?

ஓம்விதி:

திருகுவிசை அண்ணே, இந்த இழைக்கு இதைவிட நல்ல கேள்வி வர முடியாது. மீட்டர் காட்டுவது முழுக்க உண்மை. கிர்க்காஃப் விதியும் முழுக்க உண்மை.

கிளாம்ப் மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் மதிப்பு. அது ஒரு கணத்தின் மின்னோட்டம் இல்லை, ஒரு முழுச் சுற்றுக்கான ஒருவகைச் சராசரி. கிர்க்காஃபின் விதியோ ஒவ்வொரு கணத்துக்கும் உரியது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. மின்தடையில் 3 ஆம்பியர் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 4.24 ஆம்பியர். கெபாசிட்டரில் 4 ஆம்பியர் என்றால் உச்சம் 5.66. கெபாசிட்டரின் மின்னோட்டம் கால் சுற்று, அதாவது 5 மில்லிவினாடி முந்தி ஓடுகிறது. அதனால் மின்தடை உச்சத்தில் இருக்கும் கணத்தில் கெபாசிட்டர் பூஜ்யத்தில் இருக்கும், அந்தக் கணத்தில் லைனில் 4.24 மட்டும். கெபாசிட்டர் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மின்தடை பூஜ்யம், லைனில் 5.66. நடுவில் இரண்டும் சேரும் கணங்களில் சாதாரணமாக எண்ணோடு எண்ணைக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டி வரும் அலையின் உச்சம் 7.07, அதன் ஆர்எம்எஸ் 5. ஒவ்வொரு கணத்திலும் வெறும் கூட்டல்தான் நடந்தது. இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் வராததால் கடைசிக் கணக்கில் 7 வரவில்லை.

ஏசி அளவுகளை அம்புகளாகக் காட்டி நாம் பேஸர் படம் என்று வரைகிறோமே, அதில் இருக்கும் 90 டிகிரி கம்பிகளுக்கு நடுவில் உள்ள கோணம் இல்லை. அது காலத்தில் உள்ள முன்பின். கெபாசிட்டரின் கம்பியை எடுத்து எந்தத் திசையில் வளைத்து விட்டாலும் 5 ஆம்பியர் மாறாது. கெபாசிட்டருக்குப் பதில் இன்னொரு மின்தடை போட்டு 4 ஆம்பியர் இழுத்தால் மீட்டர் உடனே 7 காட்டும், கம்பிகள் செங்குத்தாக நின்றாலும்கூட. பேஸரை வரைந்து கூட்டும் முறை வெக்டரைப் போலவே இருப்பதால் வந்த குழப்பம் இது. அது வெளியில் திசை உள்ள பொருள் இல்லை.

திருகுவிசை:

ஆக முன்பின் வேறு, திசை வேறு. பவர் ஃபேக்டர் சரிசெய்ய கெபாசிட்டர் பேங்க் போட்டதும் லைன் ஆம்பியர் குறைவது இதனால்தானே? மோட்டார் பின்னால் இழுக்கிறது, கெபாசிட்டர் முன்னால் இழுக்கிறது. ஒரே கணத்தில் ஒன்று கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் இருப்பதால் லைனில் குறைகிறது.

ஓம்விதி:

அப்படியே.

முப்பரிமாணம்:

நான் விளையாட்டு மென்பொருள் எழுதுகிறவன். கரும்பலகை சார் சொன்ன மூன்றாவது நிபந்தனைக்கு எனக்குப் பிடித்த சாட்சி சுழற்சி. ஒரு பொருளை ஓர் அச்சைச் சுற்றி 90 டிகிரி சுழற்றுகிறோம். 90 என்பது எண்மதிப்பு, அச்சு திசை. அம்புக்குறியும் போடலாம். ஆனாலும் அது வெக்டர் இல்லை.

ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வையுங்கள். முன்அட்டை மேலே பார்த்திருக்கட்டும், முதுகு உங்கள் இடப்பக்கம், தலைப்பகுதி உங்களுக்கு எதிர்ப்பக்கம். இரண்டு அசைவுகள். முதல் அசைவு: மேசையில் படுத்தபடியே கடிகார முள் திசையில் கால் வட்டம். இரண்டாவது அசைவு: உங்களுக்கு அப்பால் இருக்கும் விளிம்பைத் தூக்கிப் புத்தகத்தை நிமிர்த்துவது, இப்போது மேலே இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். முதல் அசைவு, பிறகு இரண்டாவது என்று செய்தால் முன்அட்டை உங்களைப் பார்க்கும், முதுகு மேலே இருக்கும், தலைப்பகுதி வலப்பக்கம். மறுபடி பழையபடி வைத்து, இரண்டாவதை முதலில் செய்து பிறகு முதலாவதைச் செய்யுங்கள். இப்போது புத்தகம் நேராக நிற்கும், ஆனால் முன்அட்டை இடப்பக்கம் பார்க்கும், முதுகு உங்களுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கும்.

அதே இரண்டு அசைவுகள், வரிசை மட்டும் மாற்றினோம், முடிவு வேறு. வெக்டர் கூட்டலில் இது நடக்கவே கூடாது. முதலில் கிழக்கே 3 மீட்டர், பிறகு வடக்கே 4 மீட்டர் போனாலும், மாற்றிப் போனாலும் சேரும் இடம் ஒன்றுதான்.

இன்னும் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. கோணம் மிக மிகச் சிறியதாக இருந்தால் வரிசையால் வரும் வித்தியாசம் மறைந்துவிடும். அதனால்தான் கோணத் திசைவேகம் வெக்டர், பெரிய கோணச் சுழற்சி வெக்டர் இல்லை. நாங்கள் விளையாட்டில் பாத்திரங்களைத் திருப்புவதற்கு நேரான கூட்டலை நம்ப முடியாமல் குவாட்டர்னியன் என்ற நான்கு எண் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறோம்.

கரும்பலகை:

குவாட்டர்னியன் என்று சொன்னீர்கள், அங்கிருந்துதான் ஸ்கேலர், வெக்டர் என்ற இந்த இரண்டு சொற்களே வந்தன. 1843 அக்டோபர் 16, டப்ளின். வில்லியம் ரோவன் ஹாமில்டன் மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்து போகிறார், ராயல் ஐரிஷ் அகாடமியில் கூட்டம். முப்பரிமாணத்தில் எண்களைப் பெருக்குவது எப்படி என்று வெகுநாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு அங்கே விடை கிடைக்கிறது. மூன்று எண்கள் போதாது, நான்கு வேண்டும். ப்ரூம் பாலத்தின் கல்லில் அந்தச் சமன்பாட்டைக் கீறி வைத்தார். அந்த நான்கில் தனியாக நிற்கும் ஒன்றுக்கு ஸ்கேலர் என்றும், மற்ற மூன்றும் சேர்ந்த பகுதிக்கு வெக்டர் என்றும் பெயரிட்டார்.

இன்று நாம் படிக்கும் வடிவம் அவருடையது இல்லை. அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் 1880-களில் தனித்தனியாக அந்தக் குவாட்டர்னியனைப் பிரித்து, ஸ்கேலர் பெருக்கல், வெக்டர் பெருக்கல் என்று இரண்டு பெருக்கல்களாக ஆக்கினார்கள். மேக்ஸ்வெல் 1865-இல் மின்காந்தவியலை 20 சமன்பாடுகளாக எழுதியதை ஹெவிசைடு வெக்டர் குறியீட்டில் நான்காகச் சுருக்கினார். என்னைக் கேட்டால், இயற்பியலுக்குக் கிடைத்த பெரிய வசதிகளில் இது ஒன்று. பிள்ளைகளுக்கு அந்த 20-ஐயும் ஒருமுறை காட்டினால் வெக்டரின் அருமை தானாக விளங்கும்.

யாழ்ப்பாடி:

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். நீங்கள் ஸ்கேலர், வெக்டர் என்பதை நாங்கள் எண்ணிக் கணியம், காவிக் கணியம் என்று எழுதுவோம். உங்கள் திசைவேகம் எங்களுக்கு வேகம், உங்கள் வேகம் எங்களுக்குக் கதி. ஆகவே என் பதிவை வாசிக்கும்போது கொஞ்சம் கவனம்.

என் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் மறைக் குறி, அதாவது உங்கள் கழித்தல் குறி. வெப்பநிலை மறை 10 பாகை என்றவுடன் "சேர், மறை இருக்கிறது, அப்ப திசை இருக்குத்தானே" என்பார்கள். மறைக் குறி அளவுத்திட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே என்று மட்டும்தான் சொல்கிறது. வேலை மறையாகலாம், மின்னழுத்தம் மறையாகலாம், ஏற்றமும் (உங்கள் மின்னூட்டம்) மறையாகலாம். எல்லாமே எண்ணிக் கணியங்கள்.

இன்னொன்று, கதிக்கும் வேகத்துக்கும் உதாரணமாக 400 மீற்றர் ஓட்டத்தைச் சொல்வோம். முழுச் சுற்று ஓடித் தொடங்கிய இடத்துக்கே வருவதால் இடப்பெயர்ச்சி பூச்சியம், சராசரி வேகமும் பூச்சியம் என்போம். அது முதலாம் ஓடுபாதைக்கு மட்டும்தான் சரி. 2016 றியோ ஒலிம்பிக்கில் வெய்ட் வான் நீக்கெர்க் 43.03 செக்கனில் உலகச் சாதனை வைத்தபோது ஓடியது எட்டாம் பாதையில். வெளிப்பாதையின் வளைவு நீளம் என்பதால் அவருடைய தொடக்கக் கோடு முடிவுக் கோட்டிலிருந்து பாதை வழியே சுமார் 53 மீற்றர் முன்னால் இருக்கும். நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 50 மீற்றர். ஆகவே அவருடைய சராசரிக் கதி செக்கனுக்கு 9.3 மீற்றர், சராசரி வேகத்தின் பருமன் (உங்கள் எண்மதிப்பு) 1.2 மீற்றர் அளவில். பூச்சியம் இல்லை! கணக்கில் எந்தப் பாதை என்று சொல்லாவிட்டால் நான் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வேன்.

நேர்கோடு:

எட்டாம் பாதை விஷயம் எனக்குப் புதிது. என் மாணவர்களுக்கும் சொல்கிறேன். சரி, இப்போது நானே கேட்கிறேன். ஒரு விசையின் எக்ஸ் கூறு 3 நியூட்டன் என்று எழுதுகிறோம். அது ஒற்றை எண். அதற்கு அம்புக்குறி இல்லை. அப்போது கூறு ஸ்கேலரா? பல வழிகாட்டி நூல்களில் ஆம் என்றே இருக்கிறது.

கரும்பலகை:

இல்லை. இந்த இடத்தில்தான் இரண்டாவது சோதனை உதவும், முதல் சோதனையான இணைகர விதியைவிட இதுதான் ஆழமானது.

5 நியூட்டன் விசை ஒன்று. எக்ஸ் அச்சை அந்த விசையின் வழியே வைத்தால் கூறுகள் 5, 0. அச்சுகளை 53 டிகிரி அளவு திருப்பி வைத்தால் கூறுகள் 3, 4. விசை மாறவில்லை, நாம் அச்சைத்தான் திருப்பினோம். ஆனால் கூறு 5-லிருந்து 3 ஆகிவிட்டது. அச்சைத் திருப்பியதும் மாறிப்போகும் எண் ஸ்கேலர் ஆகாது. விசையின் எண்மதிப்பு 5 மட்டும் அப்படியே நிற்கிறது, அது ஸ்கேலர். 2 கிலோகிராம் நிறை எந்த அச்சில் பார்த்தாலும் 2 கிலோகிராம்தான். விசையும் இடப்பெயர்ச்சியும் தனித்தனியாகக் கூறுகளை மாற்றிக்கொண்டாலும், இரண்டின் ஸ்கேலர் பெருக்கலான வேலை மாறாமல் நிற்கும். மின்னோட்டமும் அப்படித்தான், 6 ஆம்பியர் கம்பியை நீ எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் 6 ஆம்பியர்.

அச்சைத் திருப்பினால் மாறாதது ஸ்கேலர். அச்சைத் திருப்பும்போது இடப்பெயர்ச்சியின் கூறுகள் எந்த விதிப்படி மாறுமோ அதே விதிப்படி மாறுவது வெக்டர். இரண்டிலும் அடங்காதவையும் உண்டு. தகைவு, நிலைமத் திருப்புத்திறன் போன்றவை டென்சர்கள், அவற்றைக் கல்லூரியில் பார்ப்பாய் தேன்சிட்டு.

கடலோடி:

கப்பலில் வேலை செய்கிறேன், பிரிட்ஜ் வாட்ச், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடையில் முறைப்பணி. இணைகர விதி எங்களுக்குத் தினசரிச் சோறு. கப்பலின் முனை நேர் வடக்கு, வேகம் அளக்கும் லாக் கருவி நீருக்குள் 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) காட்டுகிறது. கடல் நீரோட்டம் கிழக்கு நோக்கி 3 நாட். நாங்கள் வடக்கே பார்த்துக்கொண்டே போனாலும் ஜிபிஎஸ் காட்டும் தரைவழிப் பாதை 014 டிகிரி, வேகம் 12.4 நாட். ஒரு மணி நேரத்தில் கோட்டைவிட்டு 3 கடல்மைல் கிழக்கே தள்ளிப் போயிருப்போம். பக்கத்தில் பாறை இருந்தால் அவ்வளவு போதும், கப்பல் தரைதட்டிவிடும்.

நேர் வடக்கே போக வேண்டுமென்றால் முனையை மேற்கே 14.5 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போது வடக்கு நோக்கிக் கிடைப்பது 11.6 நாட் மட்டும். காகிதச் சார்ட்டில் பேரலல் ரூலரும் டிவைடரும் வைத்து முக்கோணம் வரைந்துதான் இதைக் கற்றுக்கொண்டோம். புதிதாக வரும் பயிற்சியாளர்கள் 14-ம் 14.5-ம் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில் 12 நாட் முக்கோணத்தின் செங்கோணத்தை ஒட்டிய பக்கம், மற்றதில் அது கர்ணம். நீரோட்டம் 3 நாட்டுக்குப் பதில் 6 ஆனால் முதலாவது 26.6 டிகிரி, இரண்டாவது 30 டிகிரி, வித்தியாசம் தெரிந்துவிடும்.

திசை சொல்லும்போது ஒரு எச்சரிக்கை: காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வோம், நீரோட்டத்துக்கு அது எங்கே போகிறது என்பதைச் சொல்வோம். வடகாற்று தெற்கே தள்ளும், வட நீரோட்டம் வடக்கே தள்ளும். முக்கோணம் வரையும்போது இதைத் தவறாகப் போட்டால் அம்பு அப்படியே தலைகீழாகிவிடும்.

தேன்சிட்டு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. புத்தகச் சோதனையைச் செய்து பார்த்தேன், முப்பரிமாணம் அண்ணா சொன்ன மாதிரியே வந்தது. அம்மாவையும் செய்ய வைத்தேன்.

கடைசியாக ஒன்று. சாரும் ஓம்விதி அண்ணாவும் பரப்புக்கு வெக்டர் உண்டு என்ற மாதிரிச் சொன்னீர்கள். சதுர மீட்டருக்கு எப்படித் திசை வரும்? அப்புறம் அழுத்தம் ஒரு பரப்பின் மேல் தள்ளுகிறதே, அது ஏன் ஸ்கேலர்?

கரும்பலகை:

இரண்டு கேள்விக்கும் ஒரே விடை. தட்டையான ஒரு பரப்புக்குச் செங்குத்தாக ஓர் அம்பு நிறுத்து, நீளம் பரப்பின் அளவுக்குச் சமமாக. அதுதான் பரப்பு வெக்டர். மூடிய உருவமாக இருந்தால் அம்பு வெளிநோக்கி.

தண்ணீருக்குள் ஒரு புள்ளியில் அழுத்தம் என்பது ஓர் எண் மட்டும். அந்தப் புள்ளியில் ஒரு சிறிய தகட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தண்ணீர் அதே அளவு விசையோடு, தகட்டுக்குச் செங்குத்தாகத் தள்ளும். தள்ளும் திசையைத் தீர்மானிப்பது தகடு, அழுத்தம் இல்லை. அழுத்தத்தைப் பரப்பு வெக்டரால் பெருக்கினால் விசை கிடைக்கிறது, அந்த விசை வெக்டர்.

இதை வைத்து ஒன்று செய்து பார். ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் வெளிநோக்கிப் பரப்பு வெக்டர் வரைந்து கூட்டு. எதிரெதிர் முகங்கள் அடிபட்டுப் பூஜ்யம் வரும். கனசதுரம் என்றில்லை, மூடிய எந்த உருவத்துக்கும் பூஜ்யம்தான், உருளைக்கிழங்குக்கும்கூட. அதனால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் எவ்வளவு கோணலான பொருளையும் அது ஒரு பக்கமாகத் தள்ள முடியாது. தண்ணீருக்குள் பொருள் மேலே தள்ளப்படுவது, கீழ்ப்பக்கம் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அழுத்தமும் அதிகம் என்ற ஒரே காரணத்தால். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை நேராக நிறுத்தி மூழ்கடித்தால் மேல்முகத்துக்கும் கீழ்முகத்துக்கும் அழுத்த வித்தியாசம் 980 பாஸ்கல். முகத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர். பெருக்கினால் 9.8 நியூட்டன். அந்தக் கனசதுரம் இடம்பெயர்த்த ஒரு லிட்டர் தண்ணீரின் எடையும் அதுதான், ஆர்க்கிமிடீஸ் விதி அப்படியே வந்து நிற்கிறது. பக்க முகங்கள் நான்கையும் கூட்டிப் பார்த்து, ஏன் அவை கணக்கில் வரவில்லை என்பதை நீயே இங்கே எழுது.

தேன்சிட்டு:

எதிரெதிர்ப் பக்க முகங்களில் ஒரே ஆழத்தில் ஒரே அழுத்தம், பரப்பு வெக்டர்கள் எதிர்த்திசை. அதனால் ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டிரண்டாக அடிபட்டுப் போகின்றன. சரியா சார்?

கரும்பலகை:

சரி அம்மா.